மாருதி 800 கார்புரேட்டர் வண்டி: ஏற்றத்தில் இன்ஜின் நின்றுவிடுகிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது

தேனி மேற்கு:

வணக்கம். வண்டி 1996 மாருதி 800, கார்புரேட்டர் மாடல், 4 கியர். கேஸ் கிட் போட்டதில்லை. காலையில் சோக் இழுத்து செல்ஃப் அடித்தால் உடனே எடுத்துக்கொள்கிறது. ஊருக்குள் நாள் முழுக்க ஓட்டினாலும் குறை தெரியாது. மதுரை ரோட்டில் ஆண்டிபட்டி தாண்டி, கணவாய் ஏற்றத்தில்தான் கோளாறு. மூன்றாவது கியரில் ஏறும்போது முதலில் லேசாக ஜெர்க் அடிக்கும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்னும் மோசம். காலைத் தளர்த்தினால் கொஞ்சம் சமாளிக்கும். அப்படியே தள்ளாடி ஒரு கட்டத்தில் இன்ஜின் அணைந்துவிடும். உடனே செல்ஃப் அடித்தால் சுற்றும், பிடிக்காது. கால் மணி நேரம், இருபது நிமிடம் ஓரமாக நிறுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். வெயில் நேரத்தில் அதிகம், இரவில் குறைவு. டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டுவதில்லை, ஃபேனும் ஓடுகிறது.

இதுவரை மாற்றியது: பிளக் மூன்றும், இக்னிஷன் காயில், பெட்ரோல் ஃபில்டர், ஏர் ஃபில்டர். கார்புரேட்டரைக் கழற்றி சர்வீஸும் செய்தாகிவிட்டது. ஒரு மெக்கானிக் பிஸ்டன் ரிங் வேலை என்கிறார், இன்னொருவர் புது கார்புரேட்டர் போடச் சொல்கிறார். பட்டறையில் நிறுத்தி எவ்வளவு ரேஸ் செய்தாலும் நிற்கமாட்டேன் என்கிறது, அதனால் யாருக்கும் கோளாறைக் காட்டவும் முடியவில்லை. அடுத்து எந்தப் பாகம் என்று ஊகித்து மாற்றுவதைவிட, கோளாறு எங்கே என்று முதலில் பிடிக்க வழி சொல்லுங்கள்.

கொங்கு ஸ்பேனர்:

தம்பி, ரிங் பேச்சை இப்போதைக்கு விட்டுருங்க. ரிங் தேஞ்ச வண்டி புகை தள்ளும், ஆயில் குடிக்கும், காலையிலயே இழுவை இருக்காது. இருபது நிமிஷம் ஓரமா நின்னா ரிங் புதுசாகிடாது.

வண்டி எப்படி நிக்குதுங்கறதுதான் பாதி பதில். சாவியைத் திருப்பி ஆஃப் பண்ண மாதிரி டக்குன்னு செத்தா கரண்ட் பக்கம். இருமி, ஜெர்க் அடிச்சு, காலை அழுத்தினா மோசமாகி, தளர்த்தினா உயிர் வந்து, அப்புறம் செத்தா பெட்ரோல் பக்கம். நீங்க எழுதினதைப் பார்த்தா ரெண்டாவதுதான். ஆனா இதை வச்சு மட்டும் பாகம் வாங்கப் போகாதீங்க. சூட்டுல காயில் பலவீனமானாலும் முதல்ல ஜெர்க் அடிச்சுட்டுத்தான் சாகும்.

நின்ன உடனே வர்ற ரெண்டு நிமிஷம்தான் தங்கம். எல்லாரும் அந்த நேரத்துல பானெட்டைத் தூக்கி வச்சுட்டு டீ குடிக்கப் போயிடறாங்க, திரும்பி வந்தா வண்டி ஸ்டார்ட் ஆயிடுது, ஆதாரம் போச்சு. வண்டியில இதை வச்சுக்குங்க: டெஸ்ட் லேம்ப், நல்ல பிளக் ஒண்ணு, அதை எர்த்துல கட்ட ஒரு அடி வயரும் ரெண்டு முதலைக் கிளிப்பும், டார்ச், துணி, ஒரு பாட்டில் தண்ணி. சின்ன தீயணைப்பான் ஒண்ணும் இருந்தே ஆகணும்.

நின்னதும் ஓரங்கட்டி ஹேண்ட் பிரேக் போட்டுட்டு, சாவியை ஆன்லயே வச்சு மீட்டரைப் பாருங்க. ஆயில் லைட்டும் பேட்டரி லைட்டும் எரியணும். மீட்டரே இருண்டு கிடந்தா சாவி சுவிட்ச், பேட்டரி டெர்மினல், ஃபியூஸ்னு தேடல் வேற பக்கம் போகுது. லைட் எரிஞ்சா செல்ஃப் அடிக்காம நேரா கார்புரேட்டருக்கு வாங்க. அதுல பெட்ரோல் தேங்கி நிக்கற ஃப்ளோட் சேம்பர்ல சின்ன வட்டக் கண்ணாடி ஒண்ணு இருக்கும், நடுவுல புள்ளி அடையாளம். டார்ச் அடிச்சா பெட்ரோல் மட்டம் தெரியும். அந்தப் புள்ளி ஒட்டி நின்னா சேம்பர் நிறைஞ்சிருக்கு. கண்ணாடி அழுக்கா இருந்து தெரியலைன்னா ஏர் கிளீனர் மூடியைத் திறந்து, மேலிருந்து பார்த்துக்கிட்டே ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால இழுங்க. உள்ளே பெட்ரோல் கோடு மாதிரி பீச்சினா சேம்பர்ல சரக்கு இருக்கு.

அடுத்து பின்னால போய் டேங்க் மூடியைத் திறங்க. "உஸ்ஸ்"னு காத்தை உள்ளே இழுத்துச்சுன்னா மூடியில இருக்கற காத்து வழி அடைச்சிருக்கு. பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குள்ள வெற்றிடம் ஆகி, பம்பால இழுக்க முடியாமப் போகும். மூடியைத் திறந்ததும் வண்டி பிடிச்சா நோய் அதுதான், மருந்து ஒரு மூடி.

கடைசியா ஸ்பார்க். ஏர் கிளீனரைத் திறந்திருந்தா மூடிட்டு, ஒரு பிளக் வயரைக் கழட்டி உங்க பிளக்கைச் சொருகி, அதன் உடம்பை கிளிப் வயரால இன்ஜின் இரும்புல கட்டுங்க, கார்புரேட்டர்கிட்ட இருந்து தள்ளி. கையில பிடிக்காதீங்க. இன்னொருத்தர் செல்ஃப் அடிக்கட்டும். நீலமா "டிக் டிக்"னு சத்தத்தோட வரணும். மஞ்சளா, மெலிசா, விட்டு விட்டு வந்தா கரண்ட் பக்கம் சந்தேகம்.

சேம்பர் காலி, ஸ்பார்க் நல்லா இருக்கு: பெட்ரோல் வரலை. சேம்பர் நிறைஞ்சிருக்கு, ஸ்பார்க் இல்லை: கரண்ட். ரெண்டும் இருந்து பிளக்கைக் கழட்டினா கருப்பா நனைஞ்சு பெட்ரோல் வாடை அடிச்சா அதிகமா ஊத்துது, சேம்பருக்குள்ள பெட்ரோலை அளவா விடற நீடில் வால்வையும் ஃப்ளோட்டையும் பாருங்க. இதுல ஒண்ணைக் கண்டுபிடிச்சு எழுதுங்க, மேல பேசலாம்.

கரண்ட் கண்ணன்:

ஸ்பேனர் அண்ணன் சொன்னதோட சேர்த்து ஒரு விஷயம் சார். நீங்க காயில் மாத்தினதா எழுதியிருக்கீங்க. என்ன காயில் போட்டாங்கன்னு பாருங்க, ஏன்னா புதுக் காயிலே புதுக் கோளாறா ஆகறது சகஜம்.

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்க. உள்ளே பாயிண்ட் செட் (நம்ம ஆளுங்க பிளாட்டினம்னு சொல்றது) இருந்தா காயில் ரெண்டு வகை. நேரா 12 வோல்ட் வாங்கற காயில்ல பிரைமரி மின்தடை 3 ஓம் ஒட்டி இருக்கும். வழியில பாலஸ்ட் ரெசிஸ்டர் வச்சு ஓட்டற காயில்ல அதுல பாதி, ஒண்ணரை ஓம் வாக்கில். இந்த ஒண்ணரை ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாம நேரா 12 வோல்ட்ல மாட்டினா கரண்ட் ரெண்டு மடங்கு ஓடும், காயில் கையை வைக்க முடியாத அளவு சுடும், பாயிண்ட் கருகும், அரை மணி ஓட்டத்துல ஸ்பார்க் செத்துடும். ஆறினா திரும்ப வரும். உங்க அறிகுறியோட அப்படியே பொருந்துது பாருங்க. மல்டிமீட்டர்ல காயிலோட ரெண்டு சின்ன முனைக்கு நடுவுல அளந்தா ஒரு நிமிஷ வேலை. முதல்ல வயரைக் கழட்டிட்டு அளங்க, மீட்டரோட ரெண்டு குச்சியையும் ஒட்ட வச்சு வர்ற எண்ணைக் கழிச்சுக்குங்க. எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரா இருந்தா இந்த அளவு பொருந்தாது, அதுக்குன்னு உள்ள காயிலைத்தான் போடணும்.

பாயிண்ட் வண்டியில இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. கண்டென்சர் சூட்டுல போகற சாமான். அது போனா பாயிண்ட்ல நல்ல வெளிச்சமா பொறி பறக்கும், பிளக்ல ஸ்பார்க் சோர்ந்து மஞ்சளாகும். இப்ப கடையில வர்ற சில கண்டென்சர் ஒரு கோடைக்குக் கூட தாங்கறதில்லை, அதனால பழைய நல்லதைத் தூக்கிப் போடாதீங்க.

யாரும் பார்க்காத இடம் ஒண்ணு: டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள பாயிண்ட் தட்டுக்குப் போற குட்டி வயர். ஸ்பார்க் நேரத்தை மாத்தற வேக்குவம் அட்வான்ஸ் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் தட்டு திரும்பும், வயரும் மடங்கும். வருஷக்கணக்கா மடங்கி மடங்கி உள்ளே செம்பு அறுந்து, மேல ரப்பர் மட்டும் முழுசா நிக்கும். சும்மா நிக்கும்போது தொடும், ஆக்சிலேட்டர் நிலை மாறும்போது விடும். வயரை மெதுவா இழுத்துப் பாருங்க. ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டா உள்ளே அறுந்தாச்சு.

சாவி சுவிட்ச் மேல சந்தேகம் வந்தா, நின்ன நேரத்துல காயில் பிளஸ் முனையில டெஸ்ட் லேம்ப் வைங்க. சாவி ஆன்ல எரியணும். பாலஸ்ட் வண்டியில கொஞ்சம் மங்கலா எரியும், அது சரிதான். சுத்தமா எரியலைன்னா சுவிட்ச், இல்லை வழியில வயர்.

வேகம் 80:

எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி. இது ஏர் லாக், பெட்ரோல் வழியில காத்து அடைச்சுக்குது. எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர் வச்ச) வண்டியோட எலக்ட்ரிக் பம்ப் ஒண்ணு பழைய கடையில வாங்கி மாட்டிடுங்க, பிரச்சினை முடிஞ்சது.

பழைய பியட்:

அதை மட்டும் செய்துவிடாதீர்கள். எம்பிஎஃப்ஐ பம்ப் இன்ஜெக்டருக்கு ஏற்ப 3 பார் ஒட்டிய அழுத்தம் தருவது. கார்புரேட்டரின் நீடில் வால்வு தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்குதான், 0.2 முதல் 0.3 பார். மாட்டினால் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் கார்புரேட்டர் வாய் வழியாக வழிந்து, சூடான மேனிஃபோல்ட் மேல் இறங்கும். கார்புரேட்டருக்கென்றே குறைந்த அழுத்த எலக்ட்ரிக் பம்ப் இருக்கிறது. ஆனால் அதையும் டேங்க் பக்கத்தில் தாழ்வாக மாட்டவேண்டும், இன்ஜின் நின்றால் தானாக நிற்கும்படி ரிலே வைக்கவேண்டும். விபத்தில் இன்ஜின் நின்ற பிறகும் அறுந்த டியூப் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

ஏர் லாக் என்ற சொல்லே பெரும்பாலும் விசாரணையைப் பாதியில் முடித்துவிடுகிறது. பெட்ரோல் ஒரே சூட்டில் கொதிக்கும் பொருள் அல்ல. அதிலுள்ள லேசான பகுதி 40 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே ஆவியாகத் தொடங்கும். ஏற்றத்தில் பானெட்டுக்குள் அதைவிட நன்றாகவே சூடு ஏறும். ஆனாலும் இந்த வண்டிகள் புதிதாக இருந்தபோது கோடையில் ஊட்டியும் கொடைக்கானலும் ஏறி இறங்கின. அப்போது வராத ஆவி அடைப்பு இப்போது ஏன் வருகிறது என்பதுதான் கேள்வி.

இந்த வண்டியில் பம்ப் இன்ஜினில் இருக்கிறது. கேம் ஷாஃப்ட் அதன் கையை அசைக்க, டயஃப்ரம் என்ற சவ்வு பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து அத்தனை தூரமும் உறிஞ்சி இழுக்கிறது. அம்பாசிடர் காலத்து ஆட்கள் ஏசி பம்ப் (ஏசி என்பது கம்பெனி பெயர்) என்பார்களே, அதே வகை. டேங்க் முதல் பம்ப் வரை உள்ள குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். வழியில் அடைப்பு இருந்தால் பம்ப் கூடுதலாக உறிஞ்சும், வெற்றிடம் கூடும், ஆவி இன்னும் சீக்கிரம் வரும். வெடித்த டியூப் வழியாகக் காற்று உள்ளே புகுந்தால் பம்ப் பெட்ரோலுக்குப் பதில் குமிழியை அடிக்கும். இரண்டையும் பட்டறையில் "ஏர் லாக்" என்று ஒரே பெயர் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

பட்டறையில் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஐட்லிங்கில் இந்த இன்ஜின் மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்காது, அதாவது நிமிடத்துக்கு 12 மி.லி. வாக்கில். சமதளத்தில் 50 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்தால் நிமிடத்துக்கு 50 மி.லி. ஏற்றத்தில் 40 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 8 கி.மீ. என்று வைத்தால் 80 மி.லி.யைத் தாண்டுகிறது. நிமிடத்துக்கு 60 மி.லி. மட்டும் தரும் நோஞ்சான் வழி, பட்டறையிலும் ஊருக்குள்ளும் ஒரு குறையும் காட்டாது. நின்ற இடத்தில் ரேஸ் செய்தாலும் சுமை இல்லாததால் அதிகம் குடிக்காது. ஏற்றத்தில் மட்டும், வரவு செலவுக்குப் போதாமல், ஃப்ளோட் சேம்பர் மெல்ல மெல்லக் காலியாகிக்கொண்டே வரும். காலைத் தளர்த்தினால் சமாளிப்பது இதனால்தான்.

ஸ்பேனர் சொன்ன சோதனையில் சேம்பர் காலி என்று தெரிந்தால், வண்டி சூடாக இருக்கும்போதே வீட்டு வாசலில் செய்யவேண்டியது: திறந்த வெளியில் நிறுத்துங்கள், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம். காயிலின் பிளஸ் வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றிவிடுங்கள். இன்ஜின் சுற்றவேண்டும், பொறி வரக்கூடாது. பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி, நீளமான டியூப் ஒன்றைச் சேர்த்து, இன்ஜினுக்கு வெளியே தள்ளி வைத்த கண்ணாடி பாட்டிலுக்குள் விடுங்கள். பத்து விநாடி செல்ஃப், அரை நிமிடம் ஓய்வு, மறுபடி பத்து விநாடி. ஒவ்வொரு துடிப்புக்கும் பெட்ரோல் கட்டியாகப் பீச்சவேண்டும். டியூபின் நுனியைப் பாட்டிலில் உள்ள பெட்ரோலுக்குள் அமிழ்த்திப் பாருங்கள்: ஆரம்பத்தில் இரண்டு குமிழி வந்து நிற்பது இயல்பு, நிற்காமல் வந்தால் உறிஞ்சும் பக்கம் காற்று புகுகிறது. குமிழியே இல்லாமல் சோம்பலாகச் சொட்டினால் அடைப்பு, அல்லது பம்ப் பலவீனம்.

எது என்று பிரிக்க, பம்பின் உள்வாங்கும் முனையில் ஒரு முழம் புது டியூப் மாட்டி, சுத்தமான பெட்ரோல் உள்ள வேறொரு பாட்டிலிலிருந்து குடிக்க விடுங்கள். நின்ற வண்டியில் மட்டும் செய்யும் சோதனை இது, இந்த ஏற்பாட்டோடு ஓட்டக்கூடாது. இப்போது நன்றாக அடித்தால் பம்ப் நிரபராதி. குற்றவாளி பம்புக்கும் டேங்குக்கும் நடுவில். அப்போதும் நோஞ்சானாக அடித்தால் பம்ப்தான்.

திருச்சி ரோடு:

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என்னிடம் இருப்பது 2005 எம்பிஎஃப்ஐ 800. அதுவும் சூடானால் நிற்கிறது. இதே சோதனைகள் பொருந்துமா?

கரண்ட் கண்ணன்:

பெரும்பாலும் பொருந்தாது சார். உங்க பம்ப் டேங்க்குள்ள இருந்து தள்ளுது, உறிஞ்சற வழியே கிடையாது; சூட்டுல ஆவி அடைக்கற கதை உங்களுக்கு அபூர்வம். டியூபைக் கழட்டிப் பார்க்கவும் கூடாது, அழுத்தத்துல முகத்துல அடிக்கும். நின்னதும் சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பின் சீட் பக்கம் ரெண்டு மூணு விநாடி "ம்ம்ம்"னு பம்ப் உறுமற சத்தம் வரணும். வரலைன்னா பம்ப் ரிலே, மெயின் ரிலே, பம்ப் எர்த். ரிலே உள்ளே ஈயப் பற்று வெடிச்சு சூட்டுல விடறது பழைய வண்டியில ரொம்ப சாதாரணம். சத்தம் வந்தும் ஸ்பார்க் இல்லைன்னா இன்ஜின் சுத்தறதை கம்ப்யூட்டருக்குச் சொல்ற சென்சார் சூட்டுல சாகுது. இன்ஜின் செக் லைட் எரிஞ்சா கோடு படிக்க வைங்க. மீதியை தனித் திரியில கேளுங்க, இங்க கார்புரேட்டர் ஓடட்டும்.

தேனி மேற்கு:

சொன்னபடி பார்த்துவிட்டேன். கணவாயில் நின்றதும் மீட்டரில் லைட் இரண்டும் எரிந்தன. கார்புரேட்டர் கண்ணாடியில் பெட்ரோல் மட்டமே தெரியவில்லை. ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்தபோது காற்றுதான், ஒரு சொட்டும் பீச்சவில்லை. டேங்க் மூடியைத் திறந்தபோது சத்தம் எதுவும் இல்லை. ஸ்பார்க் நல்ல நீலம். காயில் பாயிண்ட் வகைதான், 3.1 ஓம் காட்டுகிறது.

வீட்டில் சூட்டோடு பாட்டில் சோதனை: முதல் செல்ஃபில் நன்றாக அடித்தது, அடுத்த முறையிலிருந்து பாதி பெட்ரோல் பாதி குமிழி, நிற்கவே இல்லை. பம்பைத் தனி பாட்டிலிலிருந்து குடிக்கவிட்டதும் குமிழி நின்றுவிட்டது, கட்டியாகப் பீச்சியது. அப்படியானால் கார்புரேட்டரும் பம்பும் நன்றாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாமா? வண்டிக்கு அடியில் எங்கும் பெட்ரோல் ஒழுகிய தடம் இல்லை, வாடையும் இல்லை. ஒழுகாத டியூப் எப்படிக் காற்றை உள்ளே விடும்?

கொங்கு ஸ்பேனர்:

அருமையா வேலை பார்த்திருக்கீங்க தம்பி. கார்புரேட்டர் விலையை மிச்சம் பிடிச்சாச்சு. காயிலும் சரியானதுதான்.

ஒழுகணும்னு அவசியமே இல்லை. உறிஞ்சற டியூப்ல வெளிக்காத்துதான் உள்ளே போகும், பெட்ரோல் வெளியே வராது. நின்ன வண்டியில டேங்க் மட்டத்துக்கு மேல இருக்கற வெடிப்புல கசிவே தெரியாது. ரப்பர் சூடாகி இளகினா வெடிப்பு இன்னும் விரியும், ராத்திரி குறைவா இருக்கறதுக்கும் இதுதான் காரணம்.

வண்டியை ஸ்டாண்ட்ல ஏத்துங்க, வெறும் ஜாக்கை நம்பிக் கீழே படுக்காதீங்க. நடுவுல ஓடறது இரும்புக் குழாய். ரப்பர் இருக்கறது ரெண்டு கோடியில, அதாவது டேங்க்ல இருந்து இரும்புக் குழாய்க்கு வர்ற துண்டு, முன்னால இரும்புக் குழாய்ல இருந்து ஃபில்டர், ஃபில்டர்ல இருந்து பம்ப். முன்னால உள்ளதை எல்லாரும் மாத்துவாங்க, கண்ணுக்குத் தெரியுதில்ல. டேங்க் பக்கத்துத் துண்டு கம்பெனியில மாட்டினதோடயே இருக்கும். முதல் சந்தேகம் அதுமேல வைங்க. விரலால வளைச்சுப் பாருங்க, கிளிப் கடிக்கற ஓரத்துல மயிரிழை மாதிரி வெடிப்பு விரியும். ஃபில்டர் மாத்தினப்ப கிளிப்பை மாத்தாம விட்டாங்களான்னும் பாருங்க. பழைய ஸ்பிரிங் கிளிப் இழுவிசை போயிருந்தா டியூப் புதுசா இருந்தும் காத்து இழுக்கும். டியூபைப் பிடிச்சுத் திருப்பினா முனையில சுலபமா சுத்தக் கூடாது.

பழைய பியட்:

டியூபைக் கழற்றியதும் தூக்கி எறியாமல் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். வெளியே நன்றாக இருந்து உள் அடுக்கு உரிந்து தொங்குவது இப்போது அடிக்கடி வருகிறது. பம்ப் உறிஞ்சும்போது அந்தத் தோல் கதவு மாதிரி மூடிக்கொள்ளும், நின்றதும் திறந்துகொள்ளும். காற்றை ஊதிச் சோதித்தால் தாராளமாகப் போகும், ஆளை நன்றாக ஏமாற்றும்.

20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023-ல் தொடங்கி இப்போது ஏறக்குறைய எல்லா பங்க்கிலும் வந்துவிட்டது. 1996 வண்டியின் ரப்பர் அதை மனதில் வைத்துச் செய்தது அல்ல. எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், பிறகு காய்ந்தால் இறுகி வெடிக்கவைக்கும். அதனால் மீட்டர் கணக்கில் கிடைக்கும் சாதாரண டியூப் வேண்டாம். இ20 தாங்கும் என்று டியூப் மேலேயே அச்சிட்டது, அல்லது இன்ஜெக்ஷன் வண்டிக்கான எரிபொருள் டியூப் வாங்குங்கள். பழைய துண்டைக் கையில் கொண்டுபோய் உள்விட்டம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்கவேண்டும், அரை மி.மீ. பெரியதை வாங்கிக் கிளிப்பை முறுக்கிச் சமாளித்தால் மறுபடி காற்றுதான். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் தெளிவான பிளாஸ்டிக் டியூபைச் சிலர் மாட்டுவார்கள், சூட்டில் சப்பையாகி அடைத்துக்கொள்ளும்.

டேங்க் பக்கம் இரண்டு டியூப் இருக்கும். ஒன்று பம்புக்குப் போவது, இன்னொன்று பம்பிலிருந்து மீதிப் பெட்ரோலைத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன். இரண்டையும் ஒரேயடியாக மாற்றுங்கள், கழற்றும் முன் பெயின்ட் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், மாறிப்போகக் கூடாது. ரிட்டர்ன் வழி அடைத்திருந்தால் பம்பில் சேரும் ஆவி வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். டேங்க் மூடியைத் திறந்து வைத்து, சைக்கிள் பம்பால் ரிட்டர்ன் குழாயை முன்னாலிருந்து ஊதினால் காற்று தடையில்லாமல் டேங்குக்குள் போகவேண்டும். உறிஞ்சும் குழாயையும் அதேபோல், ஃபில்டரைக் கழற்றிவிட்டு, பம்பைச் சேர்க்காமல் ஊதுங்கள்; டேங்குக்குள் "குளுகுளு" என்று சத்தம் வரும். ஊதியதும் கொஞ்ச நேரம் சரியாகி மறுபடி மெலிந்தால், டேங்குக்குள் உறிஞ்சும் குழாயின் சல்லடையில் துரு படிந்து கிடக்கிறது; அப்போது டேங்கை இறக்கிக் கழுவுவதைத் தவிர வழியில்லை. இதையெல்லாம் டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செய்வது நல்லது.

தேனி மேற்கு:

டேங்க் பக்கத்து டியூப்தான். கிளிப்புக்கு அடியில் பாதி சுற்றளவுக்கு வெடித்திருந்தது, வளைத்தால்தான் வாய் திறக்கிறது. இரண்டையும் மாற்றி, எல்லா கிளிப்பும் புதிதாகப் போட்டாயிற்று. சூட்டில் பாட்டில் சோதனை செய்தேன், குமிழி இல்லை. கணவாயிலும் மூன்றாவது கியரில் நிற்காமல் ஏறியது. இனி கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? கார்புரேட்டர் சர்வீஸ் செய்ததிலிருந்து ஐட்லிங் கொஞ்சம் அதிகமாகவும், புகையில் பெட்ரோல் வாடையும் இருக்கிறது.

கொங்கு ஸ்பேனர்:

பெட்ரோல் பத்தாம தவிச்ச வண்டிக்கு, மிக்ஸர் ஸ்க்ரூவைத் திறந்து கலவையில பெட்ரோலைக் கூட்டி (ரிச் பண்ணி) சமாளிச்சிருப்பாங்க. இப்ப பெட்ரோல் ஒழுங்கா வருது, அதனால வாடை அடிக்குது. இன்ஜின் நல்லா சூடானதும் சோக் முழுசா உள்ளே போயிருக்கான்னு பார்த்துட்டு, ஐட்லிங் 850-900 ஆர்பிஎம் வாக்கில வைங்க. மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவா உள்ளே திருப்புங்க, இன்ஜின் தடுமாற ஆரம்பிக்கற இடத்துல இருந்து சீரா ஓடற அளவுக்கு வெளியே எடுத்து நிறுத்துங்க. ஐட்லிங் மாறியிருந்தா மறுபடி சரி பண்ணுங்க. இ20-ல கலவை தானாவே கொஞ்சம் மெலியும், அதனால ரொம்ப இறுக்கிடாதீங்க. பெரிய ஜெட் (கார்புரேட்டர்ல பெட்ரோல் போற துளை) மாத்தியிருக்காங்களான்னும் அந்த மெக்கானிக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, மாத்தியிருந்தா பழைய நம்பரே போடச் சொல்லுங்க.

டியூப் முனை எல்லாத்துலயும் டிஷ்யூ பேப்பர் சுத்தி வச்சு, ராத்திரி நிறுத்திட்டு காலையில பாருங்க. ரிட்டர்ன் பக்கமும் கார்புரேட்டர் பக்கமும் அழுத்தத்துல இருக்கறது, அங்க தளர்ந்தா வெளியே கசியும். கிளிப்பை ஒரு வாரம் ஓடினதும் ஒரு தடவை இறுக்கிக்குங்க, புது ரப்பர் கொஞ்சம் உட்காரும். எத்தனால் டேங்க்ல ஒட்டிக் கிடந்த பழைய பிசினையும் அழுக்கையும் கரைச்சு விடும், குழாயை ஊதினதுல துருவும் கிளம்பியிருக்கும். இப்ப போட்ட ஃபில்டர் வழக்கத்தை விட சீக்கிரம் கருக்கும். ஆயிரம் கிலோமீட்டர்ல கழட்டி, பெட்ரோல் வர்ற பக்கத்தைக் கீழே பார்த்து வெள்ளைப் பேப்பர்ல தட்டிப் பாருங்க. சிவப்புப் பொடி விழுந்தா டேங்க் கழுவற வேலை வருது. ஒண்ணும் விழலைன்னா புது ஃபில்டர் ஒண்ணைப் போட்டுட்டு விட்டுடுங்க.